புயலின் பெயரும் நம் இறந்தோரின் பெயரும்

இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள் மறையுரை, ஜமுனாமரத்தூர்
நற்செய்தி: யோவான் 6:37-40



தந்தையின் விருப்பம் என்ன என்பதை இன்றைய நற்செய்தியில் ஆண்டவரே நமக்குச் சொல்கிறார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களில் ஒருவரைக்கூட இழந்துவிடாமல், இறுதி நாளில் எல்லாரையும் உயிர்த்தெழச் செய்ய வேண்டும்; அதுவே அந்த விருப்பம். முடிந்தவரை காப்பாற்றுவேன் என்று அவர் சொல்லவில்லை. ஒருவரையும் விடமாட்டேன் என்கிறார். திருப்பலி முடிந்ததும் மெழுகுதிரியும் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகப் போகிறோமே, இந்த வாக்குறுதியை நம்பித்தான் போகிறோம்.

நவம்பர் மாதத்தைத் திருச்சபை இறந்தோருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. நம் தமிழ்நாட்டுக்கோ இது வடகிழக்குப் பருவமழையின் மாதம், புயல் வரும் மாதம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. 2020 நவம்பரில் நிவர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். நம் ஊரில் இறந்தோரை நினைக்கும் மாதமும் புயலை எதிர்பார்க்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே இன்று புயலின் பெயர்களை முன்வைத்தே இறைவார்த்தையைச் சிந்திக்க விரும்புகிறேன்.

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது: “ஃபாதர், புயலுக்கு யார் பேர் வைக்கிறாங்க? கஜா மறுபடியும் வருமா?”

பிள்ளைகளே, கஜா என்ற பெயரில் இனி ஒரு புயல் வராது. வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியுள்ள நாடுகள் சேர்ந்து 2004 முதல் புயல்களுக்குப் பெயர் வைத்து வருகின்றன. தொடக்கத்தில் எட்டு நாடுகள் இருந்தன, இப்போது பதின்மூன்று. 2020-இல் ஒவ்வொரு நாடும் 13 பெயர் கொடுத்து, 169 பெயர்கள் கொண்ட புதிய பட்டியல் வந்தது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போது, டெல்லியிலுள்ள வானிலை ஆய்வு மையம் பட்டியலில் அடுத்து இருக்கும் பெயரைச் சூட்டுகிறது. ஒக்கி வங்கதேசம் கொடுத்த பெயர். கஜா இலங்கை கொடுத்தது. ஃபெஞ்சல் சவூதி அரேபியா கொடுத்தது. நம் இந்தியா கொடுத்த பெயர்களில் ‘முரசு’, ‘நீர்’ இரண்டும் உண்டு. எந்த மதத்தையும் எந்த மக்களையும் புண்படுத்தும் பெயராக இருக்கக் கூடாது என்பது விதி. 2013-இல் இலங்கை கொடுத்திருந்த ‘மகாசேன்’ என்ற பெயர் ஒரு புயலுக்கு வந்தபோது, குளம் வெட்டி நாட்டை வாழவைத்த அரசனின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று அந்நாட்டு மக்கள் வருந்தினார்கள். பெயர் ‘வியாரு’ என்று மாற்றப்பட்டது.

இன்னொரு விதியும் உண்டு. நம் கடலில் ஒரு முறை சூட்டிய பெயரை இரண்டாம் முறை எடுப்பதில்லை. ஊரையே புரட்டிப்போட்ட புயலானாலும், கடலிலேயே கரைந்து யாருக்கும் தெரியாமல் போன புயலானாலும், அதன் பெயர் அத்தோடு முடிந்தது.

மற்றக் கடல்களில் வழக்கம் வேறு. அட்லாண்டிக் கடலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே பட்டியல் திரும்ப வரும். பசிபிக் கடலின் மேற்கே பதினான்கு உறுப்பினர்கள் கொடுத்த 140 பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். அங்கே ஒரு சூறாவளி பேரழிவைத் தந்துவிட்டால், பாதிக்கப்பட்ட நாடு ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, “இந்தப் பெயர் எங்களுக்கு இனி வேண்டாம்” என்று கேட்கும். பெயரை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார்கள். 2005-இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா அப்படி நீக்கப்பட்டது. 2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் 6,300 பேரைக் கொன்ற ஹையான் அப்படி நீக்கப்பட்டது. அந்த மக்கள் தங்களுக்குள் அதை யோலாண்டா என்று அழைத்தார்கள். அந்தப் பெயரையும் நீக்கினார்கள்.

ஏன் நீக்குகிறார்கள்? பழைய புயலோடு புதியது குழம்பிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மறுபடியும் வானொலியில் அதே பெயரைக் கேட்கக் கூடாது என்ற இரக்கம். தாத்தாவின் பெயரை நாம் பேரனுக்கு வைக்கிறோம். அந்தப் பெயர் வீட்டு வாசலில் மறுபடி கூப்பிடப்பட வேண்டும் என்பது நம் ஆசை. புயலின் பெயரோ மறுபடி கூப்பிடப்படவே கூடாது என்று உலக நாடுகள் கூடி முடிவெடுக்கின்றன. விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் அமரும் ஒரு கூட்டம், அழுகிறவர்களின் காதுக்காகத் தன் பட்டியலைத் திருத்துகிறது. இதை நான் மதிக்கிறேன். ஆண்டவரின் இரக்கம் எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று பாருங்கள்.

ஆனால், அன்பானவர்களே, அந்த இரக்கத்துக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டு வழக்கப்படி குறைந்தது 300 பேர் இறந்திருக்க வேண்டும். அல்லது 100 கோடி பெசோ அளவுக்குச் சேதம் இருக்க வேண்டும். அப்போதுதான் பெயரை நீக்குவார்கள். மனிதர் வகுக்கும் சட்டத்துக்கு அப்படி ஓர் எல்லை தேவைப்படலாம். இறந்தது ஏழு பேர் என்றால்? ஒரே ஒருவர் என்றால்? இன்றைய நற்செய்தியில் இயேசு எண்ணும் கணக்கு எதிலிருந்து தொடங்குகிறது? ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அந்த ஒருவரைத்தான் அவர் இழக்கச் சம்மதிப்பதில்லை.

ஏழு பேர் என்று சும்மா சொல்லவில்லை. நம் மாவட்டத் தலைநகரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2024 டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. முந்தைய இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் நகராமல் நின்று பெய்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து மறுநாள் அதிகாலையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரியைக் கோவில்களில் ஏற்றிய அதே நாளில் நடந்தது இது.

அன்று ஃபெஞ்சல் புயலாகவே இல்லை. வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது. ‘புயல் கடந்துவிட்டது’ என்று கடற்கரை மூச்சுவிடும் நேரத்தில்தான் அது மலைக்கு வருகிறது. புயல் மீனவர்களுக்கு, நமக்கு வெறும் மழைதான் என்று மலையில் இருக்கும் நாம் நினைக்கிறோம். அப்படி நினைக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. தேயிலைத் தோட்டத்து மலைகளில் மண் சரிந்து லயன் வீடுகளில் இருந்த நம் தமிழ் மக்களும் புதைந்தார்கள். மலையில் வாழ்கிறவர்களைக் கொல்வது பெரும்பாலும் காற்று அல்ல. தண்ணீரைத் தாங்க முடியாத மண்தான்.

ஏழு பேர் என்றதும் செய்தித்தாள் அதைச் சிறு செய்தியாக மடித்துவிடும். ஃபெஞ்சல் என்ற பெயர் நிற்கும். அந்தக் குழந்தைகளின் பெயர் நிற்காது. நம் நினைவு இப்படித்தான் தலைகீழாக இருக்கிறது. கொன்றதன் பெயரை வைத்துக்கொள்கிறோம், கொல்லப்பட்டவர்களை எண்ணிக்கை ஆக்கிவிடுகிறோம். ஒக்கியில் கன்னியாகுமரிக் கடற்கரை நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்களை இழந்தது. தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் இன்று எத்தனையோ வீட்டார் மெழுகுதிரி ஏற்றக் கல்லறை இல்லாமல் நிற்கிறார்கள், உடல் கரைக்கு வரவே இல்லை. புயலின் பெயர் நமக்கெல்லாம் தெரியும். அந்த நூறு பெயர்களில் நமக்கு எத்தனை தெரியும்?

திருவிவிலியம் இதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தில் ஒரு புயல் வருகிறது. பவுலைக் கைதியாக ஏற்றிச் சென்ற கப்பல் அதில் சிக்கியது. அந்தக் காற்றுக்கு மாலுமிகள் வைத்திருந்த பெயரை லூக்கா எழுதி வைத்திருக்கிறார்; ஆனால் அதோடு விடவில்லை. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று எண்ணி எழுதுகிறார். பதினான்கு நாள் பட்டினி கிடந்தவர்கள் நடுவே பவுல் அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, பிட்டு உண்கிறார். கப்பல் உடைந்தது. 276 பேரும் கரை சேர்ந்தார்கள். காற்றின் பெயர் இன்று நமக்கு நினைவில் இல்லை; ஒருவர்கூட அழியவில்லை என்பது நினைவில் இருக்கிறது. இறைவன் புயலைப் பார்க்கும் பார்வை இது. அவர் கண் கப்பலில் இருக்கிற ஆட்கள் மேல் இருக்கிறது.

எவ்வளவு சிறியதற்கும் ஒரு பெயர் உண்டு என்பதற்கு நம் மலையிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது அல்லவா? 1988-இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு, ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜன் பெயரை வைத்தார்கள். வானத்தில் புள்ளியாகத் தெரிவதற்கும் ஒரு பெயர். திருப்பாடல் 147-ஐ வீட்டில் எடுத்து வாசியுங்கள். நொறுங்கிய உள்ளத்தாரைக் குணப்படுத்தி அவர்களின் காயங்களுக்குக் கட்டுப்போடுகிறவர் ஆண்டவர் என்கிறது ஒரு வசனம். விண்மீன்களை எண்ணி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறவர் அவரே என்கிறது அடுத்த வசனம். இரண்டும் அடுத்தடுத்து வருவது எனக்குப் பெரிய ஆறுதல். விண்மீனைப் பெயர் சொல்லி அழைக்கும் அதே வாய், மண்ணுக்கடியில் போன குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கும். காயத்துக்குக் கட்டுப்போடுகிற அதே கை விண்மீனை எண்ணுகிறது. நம்மைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார், தம் உள்ளங்கையில் பொறித்திருக்கிறார் என்று எசாயா அறிவிப்பதும் இதைத்தான்.

நம் கடலில் ஒரு பெயர் ஒரு முறைதான் என்றேன். ஆண்டவரிடமும் அப்படியே. உங்கள் அம்மா ஒருவர்தான். போன அம்மாவின் இடத்தில் இன்னொருவரை வைத்து ஆண்டவர் ஈடு செய்துவிடுவதில்லை. அவரையே திருப்பித் தருவேன் என்கிறார். உயிர்த்தெழுதல் என்றால் அதுதான்.

பலிபீடத்தின் மேல் இருக்கும் இந்தக் கூடையைப் பாருங்கள். நீங்கள் எழுதிப்போட்ட பெயர்ச் சீட்டுகள். சிலது பள்ளி நோட்டில் கிழித்த தாள், பென்சிலால் எழுதியது. சிலதில் தலைப்பெழுத்தோடு முழுப்பெயர், இறந்த தேதி எல்லாம் இருக்கிறது. சிலதில் ‘ஆயா’ என்று மட்டும் இருக்கிறது, எழுதிய பேத்திக்குப் பெயர் தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு சீட்டில், ‘பிறந்து மூன்றாம் நாள் போன எங்கள் ஆண் குழந்தை’ என்று இருக்கிறது. பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. அந்தப் பெற்றோருக்குச் சொல்கிறேன்: நீங்கள் வைக்காத பெயரும் ஆண்டவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்காகவும் இன்று நம் எல்லாருடைய வாயும் செபிக்கிறது. போரில் இறந்தவர்களுக்காக யூதா மக்கபே காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார்; உயிர்த்தெழுவார்கள் என்று நம்பியதால் அனுப்பினார் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் பாராட்டுகிறது. உங்கள் சீட்டும் அந்த நம்பிக்கைதான்.

புயலில் எல்லாம் இழந்தவரிடம் என்ன சொல்வது என்று நமக்குத் தெரியாமல் போகலாம். ஹையான் சிதைத்த தாக்லோபான் நகருக்கு 2015 ஜனவரி 17 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் போனார். அன்றும் அங்கே ஒரு புயல் வந்துகொண்டிருந்தது. விமான நிலையத் திடலில், மக்கள் போட்டிருந்த அதே மஞ்சள் மழைக்கோட்டைத் தாமும் போட்டுக்கொண்டு திருப்பலி நிறைவேற்றினார். எழுதி வந்த மறையுரையை ஒதுக்கிவிட்டுத் தாய்மொழியான ஸ்பானிய மொழியில் பேசினார். உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, சிலுவையில் தொங்கும் ஆண்டவருக்குத் தெரியும் என்ற பொருளில் சொல்லி, மக்களோடு அமைதியாகச் சிலுவையை நோக்கினார். விளக்கம் சொல்ல அவர் முயலவில்லை. கடவுள் தண்டித்தார் என்றும் சொல்லவில்லை. நாமும் சொல்லக் கூடாது. எலியா ஓரேபு மலையில் நின்றபோது பாறையைப் பிளக்கும் சுழல்காற்று வீசியது. ஆண்டவர் அந்தக் காற்றில் இல்லை என்று அரசர்கள் நூல் தெளிவாகச் சொல்கிறது. அடுத்த வீட்டில் சாவு விழுந்தால் ‘என்ன பாவம் செய்தார்களோ’ என்ற பேச்சை எடுக்காதீர்கள். போய் உட்காருங்கள், கஞ்சி கொண்டுபோங்கள்.

இப்போது நம் கடமைக்கு வருகிறேன்.

பெயரை மாற்றிவிட்டால் புயல் மாறிவிடாது. 1998-இல் நடு அமெரிக்காவில் பேரழிவு செய்த மிட்ச் என்ற பெயரை நீக்கி, அதன் இடத்தில் மேத்யூ என்று வைத்தார்கள். 2016-இல் அந்த மேத்யூவே ஹெய்த்தி நாட்டில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. அதையும் நீக்கி மார்ட்டின் என்று வைத்தார்கள். முன்பு புவெர்ட்டோ ரிக்கோ தீவில் எந்தப் புனிதரின் திருநாளில் சூறாவளி வந்ததோ அந்தப் புனிதரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1876 செப்டம்பர் 13 அன்று வந்தது புனித பிலிப்பு. 1928-இல் அதே செப்டம்பர் 13 அன்று இரண்டாவது புனித பிலிப்பு வந்தது. நற்செய்தியாளர் பெயரோ, புனிதர் பெயரோ, மலரின் பெயரோ, எதை வைத்தாலும் காற்று காற்றாகவே வரும்.

மாற வேண்டியது நாம். மாறினால் பலன் உண்டு என்பதற்கு நம் நாடே சாட்சி. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலுக்குப் பெயர்கூட இல்லை. சுமார் பத்தாயிரம் பேர் மடிந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே கரைக்கு வந்தபோது, ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். உயிர்ச்சேதம் சில பத்துகளில் நின்றது. புயலுக்குப் பெயர் வைப்பதே இதற்காகத்தான். கேட்கிறவர் காதில் நிற்க வேண்டும், நின்று அவர் எழுந்து போக வேண்டும். ஆண்டவர் படகில் புயலை அதட்டினார். பிறகு சீடர்களிடம், ஏன் பயந்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி நமக்கும்தான். பயந்து உட்கார்ந்திருப்பதும், வருவது வரட்டும் என்று படுத்துத் தூங்குவதும் விசுவாசம் ஆகாது.

ஆகவே, அன்பியத் தலைவர்களே, இந்த வாரம் உங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு நோட்டை எடுங்கள். அதில் இறந்தோரின் பெயரை எழுத வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரை எழுதுங்கள். தனியாக இருக்கும் வயதான பாட்டி யார்? நடக்க முடியாதவர் யார்? மாதம் நிறைந்த கர்ப்பிணி யார்? சரிவுக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் மண்சுவர் வீட்டில் படுப்பவர் யார்? கணவர் வெளியூர் வேலைக்குப் போய்விட, பிள்ளைகளோடு தனியாக இருக்கும் தாய் யார்? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, மழை இரவில் அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகும் இளைஞன் ஒருவனின் பெயரை எழுதுங்கள். பல ஊர்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. ஆகவே நடந்து போய்ச் சொல்ல ஆள் வேண்டும். ரெட் அலர்ட் என்று கேட்டால் அந்த இரவு அவர்கள் கோவிலிலோ பள்ளிக்கூடத்திலோ படுக்கட்டும். கோவில் கதவு திறந்திருக்கும். மதம், சாதி எதுவும் பார்க்காமல் யார் வந்தாலும் திறந்திருக்கும்.

சரிவில் நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள், யாரையும் வெட்ட விடாதீர்கள். அதன் வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது. தண்ணீர் போகும் ஓடையை அடைத்து வீடு கட்டாதீர்கள். நம் மலையில் விழும் மழைதான் செய்யாறாக இறங்கிக் கீழே ஊர்களுக்குப் போகிறது. நாம் இங்கே மலையைக் காத்தால் அங்கே முகம் தெரியாத ஒருவரின் வயலும் வீடும் பிழைக்கும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லௌதாத்தோ சி’ மடல் இந்தப் பூமியை நம் பொதுவான இல்லமாகக் காட்டுகிறது. அந்த இல்லத்தில் நமக்குக் கிடைத்திருப்பது மேல்மாடி. மேலே இருப்பவருக்குப் பொறுப்பு அதிகம்.

நாடுகள் புயலின் பெயரை நீக்குவது சாவு நடந்து முடிந்த பிறகு. கிறிஸ்தவர்கள் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். இறந்தோரை இன்று பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்போம், அவர் இழக்கமாட்டார். உயிரோடு இருப்பவர்களைப் பெயர் சொல்லி அவர் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். நாமும் ஒருவரையும் இழக்கக் கூடாது. இந்தப் பருவமழை முடிந்து கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு நாம் கூடும்போது, அந்த நோட்டில் எழுதிய ஒவ்வொருவரும் இந்தக் கோவிலில் நம்மோடு இருக்க வேண்டும். அதற்கான அருளை இந்தத் திருப்பலியில் கேட்போம்.

ஆண்டவரே, புயலிலும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் இறந்தவர்களுக்கும், நாங்கள் மறந்துபோன எல்லாருக்கும் முடிவில்லா இளைப்பாற்றியைத் தந்தருளும். எங்களை ஒருவருக்கொருவர் காவலாக வையும். ஆமென்.